பிறர் அடுப்பும் நம் அடுப்பும்

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள், பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சில ஆண்டுகளாக ஒரு பொருளைத் தவறாமல் காண்கிறோம். கூடத்தின் மூலையில் பெரிய அட்டை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். கஞ்சன்ஜங்கா சிகரம், பௌத்த மடம் ஒன்று, ஆவி பறக்கும் மோமோத் தட்டு ஆகியவற்றின் படங்கள் அதில் ஒட்டப்பட்டிருக்கும். தலைப்பில் ‘சிக்கிம்’ என்று வண்ண மையில் எழுதியிருக்கும்.

இதன் காரணத்தைப் பெற்றோர் பலர் அறிவர். 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், சர்தார் வல்லபாய் படேலின் பிறந்த நாளன்று, ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாநிலங்களை இரண்டிரண்டாக இணைத்து, ஒன்றன் மொழி, கலை, உணவு, பழக்க வழக்கங்களை மற்றொன்று அறியுமாறு செய்வது அதன் நோக்கம். தமிழ்நாட்டுக்கு ஜம்மு-காஷ்மீரும், டில்லிக்குச் சிக்கிமும் இணையாக அமைந்தன. 2020-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், 10-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் கலையோடு சேர்ந்த செயல்திட்டம் செய்ய வேண்டுமென்றும், அதில் இணை மாநிலத்துக்கு இடம் இருக்க வேண்டுமென்றும் வகுத்தது. இவ்வாறுதான் திருநெல்வேலியையும் தருமபுரியையும் பூர்விகமாகக் கொண்ட டில்லிப் பிள்ளைகள் சிக்கிமைப் பற்றி எழுதலாயினர்.

நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அது நிறைவேறும் விதந்தான் சிந்தனைக்குரியது. பிள்ளை கணினியின் முன் அமர்கிறது, படங்களை எடுக்கிறது, நான்கு வரி எழுதுகிறது, தந்தை அட்டையை வெட்டுகிறார், தாய் பசை தடவுகிறார். மறுநாள் மதிப்பெண் வந்துவிடுகிறது. சிக்கிமின் உணவு ‘குந்துருக்’ என்று அழகாக எழுதியிருந்த ஒரு சிறுவனை, “அது இலையா, கிழங்கா, இறைச்சியா?” என்று நாம் வினவியபோது, அவன் அட்டையைத் திரும்பிப் பார்த்தான். அட்டையில் அதற்கு விடை இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

ஐரோப்பிய நாடுகளில் இதனை வேறு வகையில் நடத்துகின்றனர். 2005-ஆம் ஆண்டில் அங்கு இ-ட்வின்னிங் என்னும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. ஒரு நாட்டின் வகுப்பும் மற்றொரு நாட்டின் வகுப்பும் இணையத்தின் வழியே கூட்டாளிகளாகி, ஒரே வேலையைச் சேர்ந்து செய்வதே இதன் முறை. தத்தம் வட்டாரத்தின் பழைய உணவு, பிள்ளைகள் விரும்பி எடுத்துக்கொள்ளும் பொருள்களுள் ஒன்று. தம் வீட்டு முதியோரிடம் கேட்டெழுதிய செய்முறையை அயல்நாட்டு வகுப்புக்கு அனுப்புகின்றனர். அங்குள்ள பிள்ளைகள் அதனைச் சமைத்துப் பார்த்துத் தம்முடையதை அனுப்புகின்றனர். பிரான்சு நாட்டிலோ 1990 முதற்கொண்டு ஆண்டுதோறும் சுவைக்கென்றே விழா நடைபெறுகிறது. சமையற்கலைஞர்கள் பள்ளி வகுப்புகளுக்கே சென்று, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்று நாவினால் பிரித்தறியச் சிறுவர்களுக்குக் கற்பிக்கின்றனர்.

இச்செய்தியைப் படித்தபோது நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நால்வகைச் சுவையை அவர்கள் அவ்வளவு சிரத்தையோடு கற்பிக்கிறார்கள். நமக்கோ காரமும் துவர்ப்பும் சேர்ந்து அறுசுவை. நம் பிள்ளைகளிடம் துவர்ப்பு என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் வாயில் இட்டறியாத பிள்ளைக்கு அச்சொல்லைப் புரியவைப்பது எவ்வாறு?

ஆகவே, நம் குடியிருப்பில் ஐந்து குடும்பத்தார் கூடிப் பேசினோம். பெரிய விழா ஒன்றுமில்லை. ஐந்து வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிக்கிம் உணவு இரண்டினைத் தாங்களே வாங்கி வந்து தாங்களே சமைப்பது, அவ்வளவே ஏற்பாடு. எந்த வீட்டாரும் மறுக்காமல் உண்ணக்கூடிய சைவ உணவாகவே தேர்ந்தோம். ஒன்று குந்துருக் சாறு. மற்றொன்று அதற்குத் துணையான தின்டோ.

சாமான் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். நம்மவருக்கு அவ்விடம் புதிதன்று. முருங்கைக்காயும் சேனையும் நல்ல கறிவேப்பிலையும் வேண்டுமென்றால் நினைவுக்கு வருவது அதுதானே! டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று அருகிலுள்ள லட்சுமிபாய் நகரில் இருப்பதால், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கறிகாய் வாங்கிச் செல்லும் தாய்மாரும் உண்டு. மெட்ரோவின் மஞ்சள் தடம் 2010-லும், இளஞ்சிவப்புத் தடம் 2018-லும் அங்கு வந்து சேர்ந்ததால், தொலைவிலுள்ளோர்க்கும் போக்குவரத்து எளிதாயிற்று.

ஆயினும் அப்பெயரின் பொருளை நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் அறிந்திருக்கவில்லை. ஐ.என்.ஏ. என்பது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைக் குறிப்பது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் கூலிகளாக உழைத்த தமிழ் ஆடவரும் பெண்டிரும் ஏராளமாகச் சேர்ந்த படை அது. பிழைக்கச் சென்ற இடத்திலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள் என்று சொன்னபோது, பிள்ளைகள் பெயர்ப்பலகையைப் புதிதாய்ப் பார்த்தனர்.

மார்க்கெட்டின் உள்ளே சந்துகள் குறுகியவை, வெளிச்சம் குறைவு, தரை ஈரம். ஒரு புறம் மீனும் கோழியும். மறுபுறம் மட்டை அரிசி, நேந்திரங்காய், வாழையிலை, கருவாடு. தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரி அதிகத் தொலைவில் இல்லாமையால், அயல்நாட்டார் தேடிவரும் சீஸ் வகைகள், ஆலிவ் எண்ணெய், பாஸ்தா ஆகியவையும் அதே சந்துகளில் விற்கின்றன. ஒரு நாழிகை நடந்தால் பல தேசத்துச் சமையலறைகளை எட்டிப் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சீட்டைக் கொடுத்தோம். சீட்டில் ஒரே ஒரு பொருளின் பெயர் இருக்கும். அதனைத் தானே தேடிக் கடைக்காரரிடம் விலை கேட்டு, வேறு எந்தெந்தப் பெயரால் வழங்குகிறது, எங்கிருந்து வருகிறது என்று குறித்து வர வேண்டும். கேழ்வரகு மாவு தேடிச் சென்ற சிறுமி, ராகி, மண்டுவா என்று இரண்டு பெயர்களோடு திரும்பினாள். பெரிய ஏலக்காயைத் தேடிய சிறுவன், அது சிக்கிம் மலைச்சரிவுகளில் மிகுதியாய் விளைவது என்று அறிந்து வந்தான். அட்டையில் ஒட்டிய படத்தைவிட அந்த ஓர் ஏலக்காயின் புகைமணம் அவனுக்குச் சிக்கிமை அண்மையில் கொண்டுவந்திருக்கும் என்பது நம் கருத்து.

குந்துருக்கை மட்டும் நாம் கடையில் வாங்கவில்லை. நம்முடன் அலுவலகத்தில் பணிபுரியும் சிக்கிம் நண்பர் தம் வீட்டிலிருந்து கொடுத்தார். அவர் ஊருக்குச் சென்று வருவது நம்முடைய பிரயாணத்தைப் போன்றதன்று. நாம் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஏறினால் சென்னையில் இறங்குகிறோம். அவர்கள் நியூ ஜல்பாய்குரியில் இறங்கி, மலைச்சாலையில் பல மணி நேரம் செல்வது வழக்கம். சிவோக்கிலிருந்து ரங்போ வரை சுமார் 45 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பெரும்பகுதி சுரங்கத்தினூடே செல்வது. அத்தகைய மலைநாட்டில், பசுங்கீரை கிடைக்காத நாள்களுக்கென்று ஏற்பட்டதே குந்துருக்.

செய்முறை இது: கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரை, காலிபிளவர் இலை ஆகியவற்றை வாடவைத்து நசுக்குகிறார்கள், பாண்டத்தில் காற்றுப் புகாதபடி அழுத்தி அடைத்து, ஒரு வாரம் அல்லது அதற்கு மேலும் புளிக்க விடுகிறார்கள், பின்பு வெயிலில் உலர்த்தி எடுத்து வைக்கிறார்கள். நம் இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் இனத்து நுண்ணுயிர்களே அங்கும் வேலை செய்கின்றன. சாறு வைக்க வேண்டுமாயின், ஒரு கைப்பிடி குந்துருக்கைப் பத்து நிமிடம் நீரில் ஊறவைக்க வேண்டும். எண்ணெயில் வற்றல் மிளகாய், வெங்காயம், தக்காளி வதக்கி, மஞ்சள் தூள் சேர்த்து, ஊறிய இலையையும் நீரையும் உப்பையும் இட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் போதும். நம் ரசத்தைப் போன்ற புளிப்பு. புளி மட்டும் இல்லை.

அடுப்பில் சாறு கொதிக்கத் தொடங்கியதும் ஒரு சிறுவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். “மாமா, இது கெட்டுப் போய்விட்டது போலிருக்கிறதே!” என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். நண்பரின் மனைவியார் பொறுமையே உருவாக நின்றார். அப்போது அச்சிறுவனின் தாயார் மகனை அருகில் அழைத்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்தவர். திருமணமாகி டில்லிக்கு வந்த புதிதில், பிறந்த வீட்டிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டை ஒருநாள் வறுத்தாராம். மாலைக்குள் வீட்டுச் சொந்தக்காரர் படியேறி வந்து, இன்னொரு முறை இந்த நாற்றம் எழுந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனாராம். “அன்று முதல் அந்த வீட்டில் இருந்த மூன்று வருஷமும் கருவாடு சமைக்கவில்லை. அப்பா கேட்டபோதெல்லாம் கடையில் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன்” என்றார். சிறுவன் மூக்கிலிருந்து கையை எடுத்தான். நாம் ஏதும் உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை.

வடகிழக்கு மாநிலத்தவர் இந்நகரில் இத்தகைய சொற்களை நம்மிலும் அதிகமாகக் கேட்டிருக்கின்றனர். 2007-ஆம் ஆண்டில் டில்லிக் காவல் துறை அம்மாணவர்களுக்கென வெளியிட்ட கையேடு ஒன்று, மூங்கில் குருத்து, அகுனி முதலிய மணம் மிகுந்த பதார்த்தங்களை அண்டை அயலாருக்குத் தொந்தரவு நேராதபடி சமைக்குமாறு அறிவுரை கூறியதும், அதற்குக் கண்டனம் எழுந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். அகுனி என்பது நாகர் புளிக்கவைக்கும் சோயா மொச்சை. சிக்கிமில் அதனையொத்த பண்டத்துக்குக் கினேமா என்று பெயர். ஜப்பானியர் அதன் உறவுப் பண்டத்தை நாட்டோ என்று காலை உணவோடு உண்கின்றனர்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தோம். பிரான்சில் ரோக்ஃபோர் என்று ஒரு சீஸ் உண்டு. செம்மறியாட்டுப் பாலில் செய்து, நீலப் பூஞ்சணம் படர மலைக்குகையில் வைத்துப் பக்குவப்படுத்துவது. அதன் வாடை சாமானியமானதன்று. ஆனால் அந்நாட்டார் அதற்காக வெட்கப்படவில்லை. அவ்வூருக்கு வெளியே பக்குவப்படுத்தியதற்கு அப்பெயரை இடக்கூடாது என்று 1925-லேயே சட்டம் இயற்றிக் காத்தனர். ஸ்வீடன் நாட்டார் புளிக்கவைத்த ஹெர்ரிங் மீனை டின்னில் அடைத்து, அதனைத் திறந்தவெளியில் வைத்துத் திறந்து விருந்தாக உண்கின்றனர். ஐரோப்பாவின் வாடைக்கு மதிப்பும், நம் வாடைக்கும் சிக்கிமியர் வாடைக்கும் இகழ்ச்சியும் ஏன்? பழகாத மணத்தை நாற்றமென்று அழைப்பது மனித இயல்பு. அவ்வியல்பைச் சிறு வயதிலேயே திருத்திவிட்டால், பிற்காலத்தில் நம் பிள்ளை எவரையும் படியேறி வந்து மிரட்டமாட்டான்.

அடுத்தது தின்டோ. இங்குதான் நாம் சற்றும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. தின்டோ என்பது கொதிக்கும் நீரில் தானிய மாவைத் தூவி, கட்டி விழாமல் கிளறி இறக்குவது. நேபாளி மொழியில் அதற்குரிய தானியத்தைக் ‘கோடோ’ என்பர். நம் கேழ்வரகுதான் அது. நண்பரின் மனைவியார் மாவைத் தூவிக் கரண்டியைச் சுழற்றத் தொடங்கியதும், கிருஷ்ணகிரியைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், “இது எங்கள் ஊர்க் களி அல்லவா!” என்று எழுந்து சென்றார். அவர் வீட்டில் நொய்யரிசியை முதலில் வேகவிட்டு, அதன்மேல் மாவைக் குவித்து மூடி, பிறகு துடுப்பால் கிண்டுவார்கள். ஈரக் கையால் உருண்டை பிடித்து, கீரைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவார்கள். மலைநாட்டிலும் களிக்குத் துணை கீரைச் சாறு. கிருஷ்ணகிரியிலும் களிக்குத் துணை கீரைக் குழம்பு!

அவ்வம்மையார் டில்லிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இத்தனை காலமும் விருந்தினர் முன்னிலையில் அவர் களி கிண்டியதில்லை. ஏழை உணவு என்று எண்ணுவார்களோ என்ற கூச்சமே காரணம். 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபையே கொண்டாடியது. பெரிய உணவு விடுதிகளிலும் கேழ்வரகு பரிமாறப்பட்டது. ஆயினும் அவருடைய கூச்சத்தைத் தீர்த்தது அன்று அடுப்பருகே நின்ற சிக்கிம் பெண்மணிதான். அவருடைய மகள், “அம்மா, இது நம் சாப்பாடா? எனக்கு ஏன் செய்து தரவில்லை?” என்று கேட்டாள். அதற்கு அவரிடம் விடை இல்லை.

அக்கேள்வி அங்கிருந்த ஐந்து குடும்பங்களுக்கும் உரியதாயிற்று. பிள்ளைகளிடம், “நம் ஊர் உணவு எது?” என்று கேட்டோம். எழுவரும் ஒரே குரலில் இட்லி, தோசை, சாம்பார் என்றனர். வடநாட்டு உணவு விடுதியின் விலைப்பட்டியலில் ‘சௌத் இந்தியன்’ என்று அச்சடித்திருப்பதையே நம் பிள்ளைகளும் தங்கள் பூர்விகமாகக் கொண்டுவிட்டனர். கூடியிருந்ததோ ஐந்து வேறு மாவட்டத்தார். திருநெல்வேலியார்க்குத் தேங்காய்ப் பாலில் செய்யும் சொதி உண்டு. கோவையார்க்கு அரிசியும் பருப்பும் சேர்த்தாக்கும் சோறும் சந்தகையும் உண்டு. காரைக்குடிப் பக்கம் கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் உண்டு. நாஞ்சில் நாட்டில் தீயல் உண்டு. திருவையாற்றில் பாசிப்பருப்பில் செய்யும் அசோகா உண்டு. இவற்றுள் ஒன்றேனும் எந்த அட்டையிலும் ஒட்டப்படவில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைப் பண்டத்துக்கு அரசின் காப்பு உண்டு. வீட்டுப் பண்டத்துக்குக் காப்பு வீட்டார்தாம்.

நம் நண்பர் ஒருவரின் தாயார் மூன்றாண்டுகளுக்கு முன் காலமானார். ஐப்பசி அடைமழையில் அவர் ஒரு பொடி இடிப்பார். சளி பிடித்த பிள்ளைகளுக்குச் சுடுசோற்றில் நெய் விட்டு அதனைப் பிசைந்து கொடுப்பார். நண்பரும் அவர் மனைவியாரும் இருவரும் அலுவலகம் செல்வோர். அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள நேரம் வாய்க்கவில்லை. சுக்கும் மிளகும் திப்பிலியும் இருந்தது தெரியும். மற்றவை என்ன, எவ்வளவு, எதை முதலில் வறுப்பது என்பது தெரியாது. சென்ற குளிர்காலத்தில் நான்கு முறை செய்து பார்த்தார்களாம். நான்கு முறையும் பிள்ளைகள், “பாட்டிப் பொடி இல்லை” என்று தட்டைத் தள்ளினார்களாம். அந்த வீட்டில் அவ்வம்மையாரின் நிழற்படம் மாலையோடு இருக்கிறது. பொடிதான் இல்லை.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு போதும். நாலைந்து வீட்டார் கூடுங்கள். ஒரு மாதம் பள்ளியில் பயிலும் அயல் மாநிலத்தின் உணவு. மறு மாதம் நம் மாவட்டங்களுள் ஒன்றன் உணவு. சாமான் வாங்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுங்கள்; ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் சந்துகள் அவர்களுக்கு வகுப்பறை ஆகட்டும். அயல் மாநிலத்து உணவுக்கு அம்மாநிலத்தார் ஒருவரையே ஆசிரியராக அழையுங்கள். இந்நகரில் அவர்கள் நமக்கு அண்டை வீட்டாரே. நம் உணவுக்கு வீட்டிலுள்ள முதியோரை அழையுங்கள். முதியோர் ஊரில் இருந்தால், தொலைபேசியில் பேசும்போது ‘சாப்பிட்டாயா’ என்பதோடு நில்லாமல், ‘எப்படிச் செய்தீர்கள்’ என்றும் பிள்ளைகள் கேட்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகளும் கூற வேண்டியிருக்கிறது. அடுப்பும் அரிவாள்மணையும் பெரியவர் கண்காணிப்பில் இருத்தல் அவசியம். எந்த வீட்டாரின் உணவு நியமத்துக்கும் மாறானதை உண்ணும்படி எவரையும் வற்புறுத்தலாகாது. உண்ணாமலிருக்க உரிமை உண்டு, இகழ உரிமை இல்லை என்பதைப் பிள்ளைகள் உணர்ந்தால் போதும். ஆண் பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டுப் பெண் பிள்ளைகளை மட்டும் அடுக்களைக்கு அனுப்பும் பழக்கமும் இதில் வேண்டாம். தனியே வேலைக்குச் சென்று, ஓர் அறையில் தங்கி, கடைச் சோற்றால் வயிறு கெட்ட இளைஞர் எத்தனை பேர் நம் சமூகத்தில் உண்டு என்பதை நாம் அறிவோம்.

பிள்ளைகள் கேட்டறிந்த செய்முறைகளை அவர்கள் கையாலேயே தமிழில் எழுதி, ஊர்ப் பெயரோடு நம் பத்திரிகைக்கு அனுப்புக. எழுத்துப் பிழை இருந்தால் பாதகமில்லை; நாம் திருத்திக்கொள்கிறோம். ‘ஒரு கை’, ‘கண்ணளவு’ என்று பாட்டி சொன்னால், அந்தக் கையால் ஒரு முறை அள்ளச் செய்து, கரண்டியால் அளந்து எழுதுவது நலம். மாதந்தோறும் இரண்டு செய்முறைகளை இப்பக்கத்தில் வெளியிட எண்ணியுள்ளோம். முதலாவதாக, கிருஷ்ணகிரிக் களியும் சிக்கிம் குந்துருக் சாறும் அடுத்த இதழில் ஒருங்கே வரும். எழுதுகிறவள், “எனக்கு ஏன் செய்து தரவில்லை?” என்று கேட்ட அந்தச் சிறுமி.